காலை 11.40 வரை: அழித்த டேபிளைப் பின்லாக்கிலிருந்து மீட்டெடுத்தேன்

கோவையில் ஒரு மருந்து மொத்த வியாபாரியின் பில்லிங் சாஃப்ட்வேரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை 11.40 மணிக்கு, டெஸ்ட் சர்வர் என்று நினைத்து லைவ் சர்வரில் டிராப் டேபிள் (டேபிளையே அழிக்கும் கட்டளை) கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு பில்லிலும் என்ன மருந்து, எந்த பேட்ச், எத்தனை ஸ்ட்ரிப் என்ற விவரமெல்லாம் இருந்த டேபிள் அது. பில் எண், மொத்தத் தொகை இருக்கும் பில் தலைப்பு டேபிளாக இருந்தால் ஃபாரின் கீ (ஒரு டேபிளை இன்னொன்றோடு கட்டும் இணைப்பு) தடுத்திருக்கும். இதைச் சார்ந்து வேறு டேபிள் இல்லாததால் ஒரு எரர்கூட வரவில்லை. எங்கள் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லில் டிராப் செய்ததற்கு ரோல்பேக்கும், அதாவது செய்ததைத் திரும்பப் பெறும் வசதியும் கிடையாது.

கை நடுங்க சீனியர் அண்ணாவுக்கு போன் போட்டேன். அதிகாலை 2 மணி பேக்கப்பை அங்கேயே ஏற்றிவிடலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம்பா, எதையும் தொடாத. பில் போடறத நிறுத்தச் சொல்லு. பின்லாக் ஃபைல் எல்லாத்தையும் முதல்ல வேற டிஸ்க்குல காப்பி பண்ணி வை."

பின்லாக் என்பது டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகப் பதிந்து வைக்கும் ஃபைல். பேக்கப்புக்கு மேல் அதை டிராப்புக்கு முந்தைய இடம் வரை ஓட்டினால் காலை வேலையும் திரும்பக் கிடைக்கும். அவர் தடுத்திராவிட்டால் அன்று காலை வசூலும் ஸ்டாக்கும் சேர்ந்து அதிகாலை நிலைக்குப் போயிருக்கும். கவுன்டரில் பில் புத்தகத்தை எடுத்துக் கையால் எழுத ஆரம்பித்தார்கள்.

வேறொரு மெஷினில் மைஎஸ்க்யூஎல் போட்டு பேக்கப்பை முழுசாக ஏற்றினேன். டம்ப் (பேக்கப் ஃபைல்) எடுக்கும்போது சோர்ஸ்-டேட்டா=2 ஆப்ஷன் கொடுத்திருந்ததால், எந்த பின்லாக் ஃபைலில் எந்த பொசிஷன் வரைக்கும் டம்பில் இருக்கிறது என்பது ஃபைலின் தொடக்கத்திலேயே கமென்ட்டாக இருந்தது. அந்த ஒரு வரி இல்லையென்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தேடியே நாள் போயிருக்கும்.

அடுத்து எங்கே நிறுத்துவது? பின்லாக்கைப் படிக்கும் மைஎஸ்க்யூஎல்பின்லாக் கட்டளையைக் கொடுத்து, 11.35-லிருந்து நடந்ததை டெக்ஸ்ட்டாக எடுத்துத் தேடினேன். என் டிராப் கட்டளை அப்படியே இருந்தது. அதற்கு மேலே ஒரு ஜிடிஐடி ஈவென்ட், அதாவது அந்த மாற்றத்தின் தொடக்கத்தைக் குறிக்கும் பதிவு இருக்கும். டிராப் வரியின் பொசிஷனை எடுக்காமல் அந்த ஈவென்ட்டின் பொசிஷனை ஸ்டாப்-பொசிஷனாக (நிறுத்தும் இடமாக) கொடுக்க வேண்டும். இரண்டு பின்லாக் ஃபைல்கள் இருந்தன. அண்ணா சொன்னபடி இரண்டையும் ஒரே கட்டளையில் வரிசையாகக் கொடுத்து ஓட்டினேன். ஸ்டாப்-பொசிஷன் கடைசி ஃபைலுக்குத்தான் பொருந்தும். முதல் ஓட்டத்தில் ஃபைல் வரிசையை மாற்றிக் கொடுத்துவிட்டேன், ஏற்கெனவே இருக்கும் வரியே மறுபடி ஏறுகிறது என்று டூப்ளிகேட் கீ எரர் வந்து நின்றது. பேக்கப்பை மறுபடி ஏற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அதற்கே முக்கால் மணி நேரம்.

ஓடி முடிந்ததும் அந்த டேபிளை மட்டும் டம்ப் எடுத்து லைவில் ஏற்றினேன். சரிபார்க்க வழி கையிலேயே இருந்தது. தலைப்பு டேபிளில் ஒவ்வொரு பில்லின் மொத்தத் தொகையும் அழியாமல் இருந்ததே! மீட்ட வரிகளை பில் வாரியாகக் கூட்டி ஒப்பிட்டேன். ஒரு பில்கூட இடிக்கவில்லை. அப்போதுதான் தண்ணீர் குடித்தேன்.

மணி 4 ஆகியிருந்தது. கையால் எழுதிய பில்களைக் கவுன்டர் அக்கா பேட்ச் நம்பரோடு ஒவ்வொன்றாக வாசிக்க, நான் சிஸ்டத்தில் ஏற்றினேன்.