தூக்கத்துக்கு மார்க்

பிறந்தநாளுக்கு வீட்டுக்காரர் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தந்தார். நேரம் காட்டுவது அதற்கு உபதொழில்தான். ராத்திரி எப்படித் தூங்கினோம் என்று காலையில் மார்க் போடும். முதல் நாள் எனக்கு நூற்றுக்கு 51. 'தினமும் ஒரே நேரத்தில் படுக்கவும்' என்று உபதேசம் வேறு.

படுக்கலாம்தான். பத்தரை மணிக்கு மாவை வழித்துவிட்டு கிரைண்டரைக் கழுவும்போதுதான், நாளைக்கு சார்ட் பேப்பர் வேண்டும் என்று மகனுக்கு ஞானம் பிறக்கிறது. விடிகாலை நாலரைக்குக் குழாயில் தண்ணீர் வரும், விட்டால் மறுநாள்தான். நடுவில் மூன்று மணிக்கு விழிப்பு வந்து, டிபன் பாக்ஸுக்கு வெண்டைக்காயா கோவைக்காயா என்று அசையாமல் படுத்து யோசித்துக்கொண்டிருந்தேன். கையசைவையும் நாடித்துடிப்பையும் வைத்துத்தான் வாட்ச் கணக்குப் போடுமாம். அந்த அரை மணி நேரத்தை 'லேசான தூக்கம்' என்று சேர்த்துக்கொண்டது. ஆக, அந்த 51லும் கொஞ்சம் கருணை மதிப்பெண்.

"வாட்ச்ல ஏதோ கோளாறு, குடு" என்று அடுத்த ராத்திரி அவர் கட்டிக்கொண்டு படுத்தார். 92! பிளஸ் டூ ரிசல்ட் மாதிரி அவர் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். "சின்ன வயசுலேர்ந்தே அவன் அப்படித்தான்" என்று அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை.

சும்மா விடுவேனா? மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் போனில் எடுத்து நீட்டினேன். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்களுக்கு நாளைக்கு 289 நிமிடம் போகிறது, ஆண்களுக்கு 88. உற்றுப் பார்த்தவர் கேட்டார்: "88 நிமிஷமா? யாரு அந்த ஆளு?"

ஆனாலும் உறுத்தியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி வரை நீ எழுந்திருக்கவே கூடாது என்று உத்தரவு போட்டார். சரி என்று படுத்தேன். ஐந்தரைக்கு அத்தை வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "உடம்பு சுடலையே, ஏன் படுத்திருக்கே?" ஆறு மணிக்கு மகன், "அம்மா, தூங்கறியா?" ஆறேகாலுக்கு இவர் பூனை மாதிரி வந்து காதோரம், "நீ தூங்கு, தூங்கு. காபிப்பொடி எந்த டப்பான்னு மட்டும் சொல்லிடு." சொன்னேன். சமையலறையில் ஏதோ விழுந்தது. எவர்சில்வர் மூடி உருள ஆரம்பித்தால் லேசில் அடங்காது, கவனித்திருக்கிறீர்களா?

மார்க் 43.

திங்கட்கிழமை தாம்பரத்தில் பீச் வண்டி ஏறினேன். மகளிர் பெட்டியில் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டும் அக்கா, "நீ தூங்கு, எக்மோர் வந்தா தட்றேன்" என்றார். குரோம்பேட்டை வந்ததே தெரியாது. அவர் தட்டும்போது மணிக்கட்டில் வாட்ச் சிலிர்த்தது: 'அருமையான குட்டித் தூக்கம், 41 நிமிடம்.'

வாட்சை வீட்டுக்காரர் தன் போனோடும் இணைத்துவைத்திருக்கிறார் போல. படியேறி வெளியே வருவதற்குள் மெசேஜ்: "வேலைக்குன்னு போய் தூங்கறியா?"