தென்னம்பிள்ளையும் மூணு பேஸும்

ஏப்ரல் 16
ராத்திரிக் காற்றில் தோட்டத்து லைன் அறுந்து விழுந்துவிட்டது. வீட்டில் கரண்டு வந்து வந்து போகிறது, மோட்டாருக்கு அதுவும் இல்லை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா போனில் கேட்ட முதல் கேள்வி: "தென்னம்பிள்ளைக்குத் தண்ணி உட்டாச்சா?"
"ஆச்சுங்கப்பா" என்றேன்.

ஏப்ரல் 17
ஆபரேஷன் தள்ளிப்போயிருக்கிறது. சர்க்கரை இறங்கவில்லையாம்.

ஏப்ரல் 18
மச்சான் வேலந்தாவளத்திலிருந்து தன் வீட்டு இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவர் கணக்கு: நம்முடையது 230 வோல்ட், அவருடையது 230, சேர்த்தால் 460. மோட்டாருக்கு 415 போதும். "ஏன் மாப்ளே, பேட்டரியக் கோத்தா 12ம் 12ம் 24 ஆகலையா?"

ஆகும். பேட்டரி கரண்டு ஒரே பக்கம் போவது. இன்வெர்ட்டரிலிருந்து வருவது நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய்வருவது. ரெண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால்தான் 460. ஒன்று 50லும் இன்னொன்று 50.2லும் ஓடினால், அஞ்சு நொடிக்கு ஒருமுறை 460 வரை ஏறிப் பூஜ்யத்துக்கு விழும். எந்த மோட்டார் தாங்கும்? போதாததற்கு, சில பெட்டிகளில் நியூட்ரல் (கரண்டு திரும்பி வரும் கம்பி) உள்ளேயே பாடியோடு சேர்ந்திருக்கும். ரெண்டு பாடியும் ஒரே எர்த்தில் இருந்தால் சீரிஸ் போட்ட நொடியே ஷார்ட்.

எல்லாம் கேட்டுவிட்டு, "சும்மா தொட்டுப் பாக்கலாமே" என்றார். வயரை எடுத்து ஒளித்துவைத்தேன்.

ஏப்ரல் 19
தூக்கமில்லை. சரி, சேர்ந்தே ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அது ஒற்றை பேஸ், அதாவது ஒரே அலை. மோட்டார் கேட்பது 120 டிகிரி, அதாவது மூன்றில் ஒரு சுற்று, தள்ளித் தள்ளி மூன்று அலை. அதற்கென்றே செய்த இன்வெர்ட்டர்கள் உண்டு. அப்படி மூன்றைக் கேபிளில் கோத்தால், ஒன்று தாளம் போட மற்ற ரெண்டும் அதைப் பிடித்துக்கொள்ளும். ரெண்டு பேஸுக்கு நடுவே 230 பெருக்கல் 1.732 (மூன்றின் வர்க்கமூலம்), 398 வோல்ட். மோட்டாருக்கு அது போதும், ஆனால் கடைக்காரர் சொன்ன விலைக்குத் தென்னம்பிள்ளைகளையே மறுபடி நட்டுவிடலாம்.

பேட்டரி ரெண்டும் தலா 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. மொத்தம் 3.6 யூனிட். 3 எச்பி மோட்டார் அதில் ஒரு மணி நேரம் ஓடினாலே அதிசயம். கிளம்பும்போது இழுக்கும் அஞ்சாறு மடங்கு கரண்டுக்கு 900 விஏ பெட்டி எங்கே போகும்?

அம்மா பாத்திரம் கழுவின தண்ணியைக் குடத்தில் சுமக்கிறாள்.

ஏப்ரல் 21
லைன்மேன் வந்தார், பார்த்தார், போனார்.

ஏப்ரல் 22
சர்க்கரை இறங்கிவிட்டது. நாளைக்கு ஆபரேஷன். "மோட்டார் சத்தத்தக் கொஞ்சம் கேக்க வெய்யி கண்ணு" என்றார் அப்பா.
கரண்டு இப்போதுதான் போச்சு என்றேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை.

ஏப்ரல் 23
ஏழரைக்கு உள்ளே கூட்டிப்போனார்கள். மச்சானும் பஸ் ஏறிவிட்டார். அவர் இன்வெர்ட்டர் இங்கேயே கிடக்கிறது. அக்கா வீட்டில் ராத்திரி முழுக்க ஃபேன் இல்லையாம், கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.