கார்டு கிடைத்தது, வீட்டுச் செலவு எங்களுடையது

2025 பொங்கல் கழிந்த வாரம். பல் தேய்க்கப் போன அப்பாவின் கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. புதுச்சேரி முதலியார்பேட்டையிலிருந்து ஆம்புலன்ஸில் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பக்கவாதம் என்றார்கள். அப்பாவுக்கு 74 வயது.

காப்பீட்டு மேசையில் இருந்தவர் ரேஷன் கார்டைப் பார்த்ததும், "மஞ்சள் கார்டா? உங்களுக்கு ஸ்கீம் கிடையாதும்மா, பணம் கட்டிடுங்க" என்றார். புதுச்சேரியில் சிவப்பு கார்டு ஏழைகளுக்கு, மஞ்சள் மற்றவர்களுக்கு. நான் தனியார் பள்ளி ஆசிரியை, அண்ணனுக்குச் சென்னையில் வேலை. நமக்கு எதுவும் கிடைக்காது என்று பழகிப்போன குடும்பம் என்பதால் மறுபேச்சில்லாமல் முன்பணம் கட்டினோம்.

அன்று இரவு பக்கத்துப் படுக்கைக்காரரின் மகன் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. 70 வயது ஆன யாருக்கும், வருமானம் பார்க்காமல், மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்நோயாளி சிகிச்சை உண்டு. 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. 'வய வந்தனா' கார்டு என்று பெயர். ஆதாரில் உள்ள வயதுதான் கணக்கு, ரேஷன் கார்டின் நிறம் இல்லை. பழைய சர்க்கரை, பிரஷருக்கும் காத்திருப்புக் காலம் கிடையாது. ஒரே வீட்டில் 70 தாண்டியவர்கள் இருவர் இருந்தால் அந்த 5 லட்சம் இருவருக்கும் பொது.

செல்போன் ஆப்பிலேயே பதிவு செய்யலாம் என்றார். உட்கார்ந்தேன். ஓடிபி அப்பாவின் பழைய நம்பருக்குப் போனது. அந்த சிம் செத்து நாலு வருடம். கைரேகை வைத்துப் பார்த்தோம், மில்லில் நூலோடு தேய்ந்த விரல்களில் ரேகை பதியவில்லை. கடைசியாக முகத்தைக் காட்டும் வழி. கண்ணைச் சிமிட்ட வேண்டும். "அப்பா, ஒரே ஒரு தடவை கண்ணை மூடித் திறங்கப்பா" என்று காதோடு சொன்னேன். இடது கண்தான் மூடியது. மறுநாள் காலை, மூன்றாவது முயற்சியில் ஏற்றுக்கொண்டது. அந்த இரவை யாரும் அனுபவிக்க வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் ஆதாரில் எந்த போன் நம்பர் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

அப்புறம் முன் அனுமதி வந்தது, சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துக்குத் தனியாகப் பணம் கேட்டார்கள். வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்தும் திட்டத்திலேயே அடக்கம். திட்டத்தின் உதவி எண் 14555க்கு போன் போட்டுவிட்டு அவர்கள் முன்னாலேயே பேசினேன், கொடுத்துவிட்டார்கள்.

உண்மையான செலவு வாசற்படி தாண்டிய பிறகுதான் தொடங்கியது. வலது பக்கம் அசையவில்லை. அம்மாவால் தூக்க முடியாது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் வந்த அக்காவுக்கு மாதம் 19,000. டயபர் நாளைக்கு மூன்று. வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுக்க ஒரு முறைக்கு 400. படுக்கைப்புண் வராமல் இருக்க ஏர் பெட். நான் சம்பளமில்லா விடுப்பில் நான்கு மாதம் இருந்தேன். இதில் ஒரு ரூபாயைக்கூட எந்தக் கார்டும் தரவில்லை. அண்ணன் ஆபீஸ் பாலிசியும் தரவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தால்தான் அவர்கள் கணக்கில் நோயாளி. வீட்டுப் படுக்கையில் கிடப்பவரை யாருடைய கணக்கிலும் காணோம். அம்மாவின் வளையல்கள் போனது இந்த மாதங்களில்தான், ஆஸ்பத்திரி நாட்களில் இல்லை.

கடலூரில் இருக்கும் எங்கள் அத்தைக்கும் இதே நிலைதான். ஆனால் அங்கே 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார், பிரஷர் மாத்திரையும் வீடு தேடி வருகிறது. ஒரு மணி நேர பஸ் தூரம்தான். நாங்கள் அப்பாவை ஆட்டோவில் ஏற்றி கோரிமேடு ஜிப்மரின் மறுவாழ்வுத் துறைக்குப் போய் வந்தோம். பயிற்சி நல்ல பயிற்சி, குறை சொல்ல மாட்டேன். ஏற்றி இறக்குவதற்குள் அப்பா களைத்துவிடுவார். அந்த வீட்டு வருகை எங்கள் தெருவுக்கும் வர வேண்டும் என்று தொகுதி அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன்.

ஆறு மாதம் கழித்து மருத்துவக் குழு பார்த்து மாற்றுத்திறனாளி சான்றிதழ் தந்தது. 80 சதவீதம். அதைக் காட்டி அண்ணன், வருமான வரியில், பழைய வரிமுறையில் 80டிடி பிரிவின்கீழ் 1,25,000 ரூபாய் கழிவு கேட்கிறார். 40 சதவீதம் இருந்தாலே 75,000 உண்டு. பில் கேட்பதில்லை. இதையும் ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை.

போன வாரம் பின்தெரு டெய்லர் அண்ணன் தன் அம்மாவின் ஆதாரை எடுத்துக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு 71, நன்றாக நடமாடுகிறார். போன் நம்பர் சரியாக இருந்தது. வாசல் திண்ணையில் உட்கார்ந்தே கார்டு எடுத்துக் கொடுத்தேன். உள்ளே கட்டிலிலிருந்து அப்பா, குழறலாக, "வந்துடுச்சா?" என்று கேட்டார்.