யாவ் மிங்கின் இடது கால்: ஒரு கணக்குக் குறிப்பேடு

17 டிசம்பர் 2010

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்கு ஆடும் சீன வீரர் யாவ் மிங்குக்கு இந்த சீசன் முடிந்துவிட்டது. நவம்பர் 10 அன்று வாஷிங்டனில் பிசகிய அதே இடது கணுக்காலில் அழுத்த முறிவு. ஓர் ஆட்டத்துக்கு 24 நிமிடம் மட்டும் என்று வரம்பு கட்டி ஆடவிட்டார்கள். அப்படியும் ஐந்தே ஆட்டங்கள். சம்பளம் சுமார் 1.77 கோடி டாலர். ஒப்பந்தம் ஜூன் 30 அன்று முடிகிறது.

காலையிலிருந்து காதில் விழுவது ஒரே வாதம்தான்: "ஆடாவிட்டால் என்ன, சீனச் சந்தை ஒன்று போதும், போட்ட பணத்தைத் திருப்பித் தந்துவிடும்." சீனச் சந்தை பெரியதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பணம் ஹூஸ்டன் ராக்கெட்ஸின் கல்லாவில்தான் விழுகிறதா? அதைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வர முடியாது.

19 டிசம்பர் 2010

கணக்குக்கு முன்னால் எலும்பு. 2008லும் 2009லும் விரிசல் விட்டது நேவிகுலர், பாதத்தின் உள்வளைவுக்கு உச்சியில் சாவிக்கல்போல் உட்கார்ந்திருக்கும் சிறிய எலும்பு. எம்பிக் குதிக்கும் ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் உள்ள எலும்புகள் அதை நடுவில் வைத்து நெரிக்கின்றன. அந்த நடுப்பகுதிக்குத்தான் ரத்த ஓட்டமும் குறைவு. அதனால் விரிசல் மெதுவாகக் கூடும், கூடிய இடமே மறுபடி விட்டுப்போகும். சாதாரண எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது, சிடி ஸ்கேன் எடுத்தால்தான் பிடிபடும். அறுவை இல்லாமல் ஆற்றுவதென்றால்கூட ஆறு முதல் எட்டு வாரம் அந்தக் கால் தரையில் படக்கூடாது.

2008ல் திருகாணி போட்டார்கள். 2009ல் எலும்பு ஒட்டுவைத்து, பாத வளைவின் உயரத்தையும் குறைத்தார்கள். 2.29 மீட்டர் உயரம், 140 கிலோ எடை. வளைவை மாற்றினால் அந்தச் சுமை மறைந்துபோகாது, வேறு எங்காவது போய் இறங்கும். இப்போது விட்டிருப்பது கணுக்கால்.

முன்பு கிளீவ்லாந்துக்கு ஆடிய இல்காஸ்கஸை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். உண்மைதான், 2.21 மீட்டர் உயரமுள்ள அவர் பாத அறுவைகளைத் தாண்டி லீக்கின் சிறந்த வீரர்கள் மோதும் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்கு இரண்டு முறை தேர்வானார், இன்றும் மயாமிக்கு ஆடுகிறார். ஆனால் அவர் கால் பழுதானபோது வயது இருபதுகளின் நடுவில். யாவுக்கு 30. கடந்த ஐந்து சீசன்களில் தவறவிட்டவை 25, 34, 27, 5, 82. இந்த சீசனில் இன்னும் 77 சேரப்போகிறது. ஆறு சீசனில் 250 ஆட்டங்கள், அதாவது 82 ஆட்டம் கொண்ட மூன்று முழு சீசன்களுக்கும் மேல்.

26 டிசம்பர் 2010

சீனப் பணம் போகும் வழி இது.

பெய்ஜிங்கில் விற்கும் 11ஆம் எண் ஜெர்சியின் உரிமத்தொகை லீக்கின் பொதுக்கணக்குக்குப் போய் 30 அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. ஒரு ஜெர்சிக்கு ஆறு டாலர் உரிமத்தொகை என்று வைத்துக்கொண்டால் ஹூஸ்டனுக்கு வருவது 20 சென்ட். அதே 20 சென்ட் யாவுக்கு ஒரு டாலர்கூடச் சம்பளம் கொடுக்காத மினசோட்டா அணிக்கும் போகிறது. சீனத் தொலைக்காட்சி உரிமமும் லீக்கினுடையதே. 2008 ஜனவரியில் லீக்கின் சீனக் கிளை நிறுவனமான என்பிஏ சைனாவின் 11 சதவீதப் பங்கை ஐந்து முதலீட்டாளர்கள் 25.3 கோடி டாலருக்கு வாங்கினார்களே, அந்த மதிப்பை உண்டாக்கியதில் யாவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அது லீக்கின் சொத்து.

ராக்கெட்ஸுக்கென்று தனியாக வருவது அரங்க விளம்பரம். ஹூஸ்டனில் இரவு 7 மணி ஆட்டம் என்றால் குளிர்காலத்தில் பெய்ஜிங்கில் மறுநாள் காலை 9. மைதான ஓரத்து மின்பலகையில் ஓடும் சீன எழுத்துகள் டெக்சாஸ் ரசிகருக்கானவை அல்ல, அந்தக் காலை நேரத்துப் பார்வையாளருக்கானவை. சீனாவின் யான்ஜிங் பீர் நிறுவனம் அந்த இடத்தை வாங்கியது இதற்காகத்தான். இந்த வருமானம் முழுக்க அணிக்கே சேரும். ஆனால் யாவ் களத்தில் நின்றால்தான் கேமராவுக்கு அங்கே வேலை. கோட் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரை நம்பி எந்த விளம்பரதாரரும் பழைய விலைக்குப் புதுப்பிக்க மாட்டார்.

8 ஜனவரி 2011

டிக்கெட் கணக்கு. ராக்கெட்ஸின் அரங்கமான டொயோட்டா சென்டரில் சுமார் 18,000 இருக்கைகள், சீசனுக்கு 41 உள்ளூர் ஆட்டங்கள். யாவ் இல்லாததால் ஆட்டத்துக்கு 1,500 இருக்கை காலி என்று தாராளமாகவே வைப்போம். 61,500 டிக்கெட். சராசரி விலை 50 டாலர் என்று கொண்டால் 30.75 லட்சம் டாலர். உணவு, பார்க்கிங் எல்லாம் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் 61.5 லட்சம். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம் ஆடம்பர வரி. இந்த சீசனில் ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கான வரம்பு 7.03 கோடி டாலர். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு டாலருக்கும் லீக்குக்கு இன்னொரு டாலர் கட்ட வேண்டும். வரி கட்டும் அணிக்கு, கட்டாத அணிகள் பிரித்துக்கொள்ளும் பங்கும் கிடைக்காது. வரம்பை ஒட்டி நிற்கும் அணிக்கு ஆடாத நட்சத்திரத்தின் விலை ஏறக்குறைய இரு மடங்கு.

காப்பீட்டை நம்பிப் பேசுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொடர்ந்து 41 ஆட்டங்கள் தவறிய பிறகுதான் அது சம்பளத்தில் 80 சதவீதத்தைத் தரும். அடுத்த ஒப்பந்தம் என்று வரும்போது ஏற்கெனவே தெரிந்த காயத்தைக் காப்பீட்டிலிருந்து விலக்கக் கேட்பார்கள். எந்தக் கால் பயமோ அந்தக் காலுக்கே பாதுகாப்பு இருக்காது.

28 ஜனவரி 2011

ஐந்து ஆட்டம் ஆடியவர் ரசிகர் வாக்கில் மேற்குப் பிரிவின் ஆல்ஸ்டார் சென்டராக, அதாவது கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீரராக, தேர்வாகியிருக்கிறார். அவர்மேல் இருக்கும் அன்பு கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் வாக்குகளை எண்ணியது லீக். ராக்கெட்ஸின் ஆடுகளத்தில் சென்டர் இடம் காலியாகவே இருக்கிறது.

25 பிப்ரவரி 2011

அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான வர்த்தகக் கெடு நேற்று முடிந்தது. வாங்கும் அணிக்குச் சம்பளச் சுமை சீசனோடு இறங்கிவிடும், முடியப்போகும் ஒப்பந்தம் என்பதால் யாவின் 1.77 கோடிக்கே ஒரு பரிமாற்ற மதிப்பு இருந்தது. அனுப்பும் சம்பளத்தின் 125 சதவீதமும் ஒரு லட்சம் டாலரும் வரை பதிலுக்குப் பெறலாம் என்ற விதிப்படி ஏறக்குறைய 2.22 கோடி சம்பளமுள்ள வீரர்களைப் பதிலுக்கு வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. கெடு தாண்டியதும் அந்த வாய்ப்பும் போயிற்று.

மாறாக அணியின் இன்னொரு வீரரான ஷேன் பாட்டியரை மெம்ஃபிஸுக்கு அனுப்பினார்கள். 2006லிருந்து பீக் என்ற சீன நிறுவனத்தின் ஷூ அணிபவர், சீனாவில் நன்கு தெரிந்த முகம். சீன விளம்பரம் அவரை ஹூஸ்டனில் பிடித்து வைக்கவில்லை. அணி நிர்வாகம் உண்மையில் எதைக் கணக்கில் எடுக்கிறது என்பது எனக்கு இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது.

30 ஜூன் 2011

இன்றோடு ஒப்பந்தம் முடிகிறது. யாவின் மறு ஒப்பந்த உரிமையைத் துறக்கும்வரை பழைய சம்பளத்தை ஒட்டிய பெருந்தொகை, ஓர் அணி வீரர்களின் சம்பளத்துக்குச் செலவிடுவதைக் கட்டுப்படுத்தும் ஊதிய உச்சவரம்புக் கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அவரை வைத்துக்கொள்வதென்றால் என் பார்வையில் ஒரே வடிவம்தான் சரி: ஓராண்டு, குறைந்த அடிப்படைச் சம்பளம், அதன்மேல் ஆட்ட எண்ணிக்கையைப் பொறுத்த போனஸ். போன சீசனில் ஐந்து ஆட்டம் ஆடியவருக்கு 50 ஆட்ட போனஸ் "நிகழ வாய்ப்பில்லாதது" என்ற வகையில் சேரும், ஆகவே உச்சவரம்புக் கணக்கில் ஏறாது. அதோடு, இடது பாதமும் கணுக்காலும் காரணமாக ஆட முடியாமல் போனால் சம்பள உத்தரவாதம் கிடையாது என்ற முன்காய விலக்கு.

நள்ளிரவில் லாக்அவுட், அதாவது அணி உரிமையாளர்கள் வீரர்களை வெளியே நிறுத்தும் கதவடைப்பு, தொடங்குகிறது. அதன்பின் அணி மருத்துவர்கூட வீரரைத் தொடர்புகொள்ள முடியாது. ஆறிவரும் காலுக்கு இதைவிட மோசமான நேரம் அமையாது.

21 ஜூலை 2011

நேற்று ஷாங்காயில் ஓய்வை அறிவித்துவிட்டார். 486 ஆட்டங்கள், சராசரி 19 புள்ளி, 9.2 ரீபவுண்ட். மனசு கனக்கிறது.

26 நவம்பர் 2013

லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி தன் நட்சத்திரம் கோபி பிரையன்டுக்கு இரண்டாண்டுக்கு 4.85 கோடி டாலர் கொடுத்திருக்கிறது. ஏப்ரல் 12 அன்று குதிநாண் அறுந்து, அதே காலோடு நடந்து போய் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டுவிட்டு வெளியேறியவர், அதன்பின் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

யாவ் கணக்கும் இதுவும் ஒன்றல்ல. லேக்கர்ஸின் பெரிய வருமானம் டைம் வார்னர் கேபிளுடன் போட்ட 20 ஆண்டு உள்ளூர் ஒளிபரப்பு ஒப்பந்தம். மற்ற அணிகளுடனான வருவாய்ப் பகிர்வுக்குப் போனது போக மீதி அணிக்கே. தெற்குக் கலிஃபோர்னியாவில் அந்தச் சேனலைக் கேட்டு வாங்க வைக்கும் முகம் கோபி. அவர் உண்டாக்கும் பணம் அவருக்குச் சம்பளம் கொடுக்கும் கைக்கே திரும்புகிறது.

ஆனால் கல்லாவில் சரியாக வரும் கணக்கு களத்தில் உதைக்கிறது. இந்த சீசன் உச்சவரம்பு 5.87 கோடி; அடுத்த ஆண்டு அவர் சம்பளம் 2.35 கோடி, அதாவது 40 சதவீதம். டிவி பணம் எவ்வளவு வந்தாலும் லேக்கர்ஸுக்கு மட்டும் உச்சவரம்பு ஒரு டாலர்கூட உயராது. விளம்பர மதிப்பைக் கொண்டு இன்னொரு நல்ல வீரரை வாங்க முடியாது.

14 ஏப்ரல் 2016

கோபிக்குக் கடைசி ஆட்டத்தில் 60 புள்ளி. அணி 17 வெற்றி, 65 தோல்வி. போன சீசன் 21-61.

10 அக்டோபர் 2017

பிலடெல்ஃபியா அணியின் ஜோயல் எம்பீட். நேவிகுலரில் இரண்டு அறுவை, மூன்று சீசனில் 31 ஆட்டங்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், 14.6 கோடி டாலருக்கு மேல். வயது 23.

படிக்க வேண்டியது தொகையை அல்ல, ஒப்பந்த விதியை. பாதம், முதுகு போன்ற குறிப்பிட்ட பழைய காயங்களால் 25 ஆட்டங்களுக்குக் குறையாமல் தவறி, அந்த சீசனில் 1,650 நிமிடத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், அணி அவரை விடுவித்து மீதிச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளலாம். கணுக்கால் புதிதாகச் சுளுக்கினால் இது பொருந்தாது. ஆட்டங்களைத் தவறவிட்டும் மொத்தத்தில் 1,650 நிமிடம் ஆடிவிட்டாலும் பொருந்தாது. 82 ஆட்டத்துக்குப் பிரித்தால் அது சுமார் 20 நிமிடம். யாவுக்குப் போட்ட 24 நிமிட வரம்பையும்விடக் குறைவு.