பிறழ்நடத்தைத் தாளை இரண்டாம் முறை எழுதியபோது

முதுகலைச் சமூகவியலைத் தொலைநிலைக் கல்வியில், தமிழ் வழியில் படித்தேன். பிறழ்நடத்தை (சமூக நெறிகளை மீறும் நடத்தை), குற்றம், சமூகக் கட்டுப்பாடு பற்றிய தாளில் முதல் முறை தேறவில்லை. விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தபோது, ஒருவரைச் சமூகம் ‘பிறழ்ந்தவர்’ என்று முத்திரை குத்துவதை ஆராயும் முத்திரையிடல் கோட்பாட்டை விளக்கச் சொன்ன 15 மதிப்பெண் வினாவுக்கு நான்கு பக்கம் எழுதி 5 மதிப்பெண் பெற்றிருந்தேன். துர்கெய்ம், மெர்ட்டன், சதர்லாந்து, பெக்கர் என்று சமூகவியலாளர் ஆளுக்கொரு பத்தி. வினா யாருடைய கோட்பாட்டைப் பற்றியதோ அந்தப் பெக்கருக்கும் ஒரே பத்திதான்.

சொற்களும் காலை வாரின. நான் மனப்பாடம் செய்த வழிகாட்டி ‘அனோமி’யைச் ‘சட்டமின்மை’ என்று பெயர்த்திருந்தது. அதை நம்பியதால், துர்கெய்ம் ஏதோ காவல் நிலையம் இல்லாத ஊரைப் பற்றிப் பேசியதுபோல் என் விடை அமைந்துவிட்டது. தற்கொலை பற்றிய தம் 1897ஆம் ஆண்டு ஆய்வில் அவர் சொன்னது, ஆசைக்கு எல்லை வகுக்கும் நெறிகள் தளர்ந்துபோகும் நிலையை. மெர்ட்டனோ 1938இல் அதே சொல்லை, சமூகம் காட்டும் இலக்குக்கும் அதை அடைய அது திறந்துவைக்கும் வழிக்கும் உள்ள பொருத்தமின்மைக்கு மாற்றிக்கொண்டார். ‘நெறியின்மை’ என்று எழுதி, இரண்டு பொருளையும் பிரித்துக் காட்டுங்கள்.

இரண்டாம் முறை, ஒரே ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு கோட்பாடுகளை அதன்மேல் உரசிப் பார்த்தேன். 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் அது; கள்ளர் உள்ளிட்ட சில சமூகத்தினரைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகக் கருதிய சட்டம். எங்கள் பக்கத்தில் ரேகைச் சட்டம் என்பார்கள். பதிவு செய்யப்பட்ட ஆண்கள் இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ வந்து படுக்க வேண்டும். வெளியூர் செல்லச் சீட்டு வேண்டும். கைரேகைப் பதிவை எதிர்த்த மதுரைப் பக்கத்துக் கள்ளர் ஊரான பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச்சூட்டில் மாயக்காள் என்ற பெண் உள்ளிட்ட 16 பேர் உயிரிழந்தனர்.

எதையும் திருடாத ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் படுத்து உறங்கினாலே இச்சட்டத்தின்கீழ்க் குற்றவாளி. செயலில் இயல்பாகப் பிறழ்வு இல்லை, விதியை வகுத்து ஒருவர்மேல் பொருத்துவதில்தான் இருக்கிறது என்று பெக்கர் 1963இல் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் இதைச் சமூகவியலாளர் லெமர்ட்டின் இரண்டாம்நிலைப் பிறழ்வு என்று எழுதிவிடாதீர்கள்; நானும் ஒரு மாதிரித் தேர்வில் அப்படித்தான் எழுதினேன். முத்திரை குத்தப்பட்டவர் அதையே தம் அடையாளமாக ஏற்று நடப்பதைத்தான் லெமர்ட் அப்படி அழைத்தார். திண்ணையில் உறங்கியவர் எதையும் ஏற்கவில்லை. முதல் திருட்டு ஏன் நிகழ்கிறது என்பதற்கு முத்திரையிடல் கோட்பாட்டில் விடை இல்லை என்பதையும் இரண்டு வரி சேர்த்தால், வெறும் புகழுரையாக இல்லாமல் விமர்சனமாகவும் விடை நிற்கும்.

தேர்வில் வந்ததோ, சமூகக் கட்டுப்பாட்டின் முறைசார்ந்த (சட்டம், காவல் போன்ற), முறைசாரா (குடும்பம், வழக்கம் போன்ற) கருவிகள் பற்றிய வினா. கைவசம் இருந்த அதே நிகழ்வு அங்கும் கைகொடுத்தது. ரேகை உருட்டிய அரசே கள்ளர் சீரமைப்புத் திட்டத்தில் பள்ளிகளையும் திறந்தது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அவை அதே பெயரில் நீடித்துவருகின்றன. தண்டனையும் கரும்பலகையும் ஒரே கட்டுப்பாட்டின் இரு கைகளா என்று கேட்டுத் தொடங்கி, 1952இல் சட்டம் நாடு முழுவதும் நீங்கிய பின்னும் அச்சட்டத்தின் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டோருக்கு வந்த ‘சீர்மரபினர்’ என்ற பட்டியல் பெயர் பழைய முத்திரையை எந்த அளவுக்கு நினைவூட்டுகிறது என்பது வரை எழுதினேன். மூன்றே பக்கம்தான் வந்தது. மெர்ட்டனுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.