பர்க்: ஓர் ஊரின் பெயர் ஐரிஷ் குலப்பெயரான வரலாறு

சென்னை எழும்பூரில் இருக்கும் கன்னிமாரா நூலகத்துக்குக் கல்லூரி நாள்களிலிருந்தே போய்வருகிறேன். அந்தப் பெயரை நம் கிராமத்துக் கன்னிமார் தெய்வங்களோடு சேர்த்தே நெடுங்காலம் நினைத்திருந்தேன். அது அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே மாவட்டத்தில் உள்ள ஒரு நிலப்பகுதியின் பெயர் என்பதும், கடலோரம் வாழ்ந்த கொன்மாக்னே என்ற பழங்குடியின் பெயரிலிருந்து வந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தன. 1886 முதல் 1890 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் 1887இல் கன்னிமாரா பிரபு என்ற பட்டம் பெற்றார். 1890 மார்ச்சில் அவர் அடிக்கல் நாட்டிய நூலகம் 1896இல் திறக்கப்பட்டபோது அந்தப் பட்டமே அதற்குப் பெயராயிற்று. அவருடைய சொந்தப் பெயர் ராபர்ட் பர்க். இந்திய வைஸ்ராயாக இருந்து 1872 பிப்ரவரியில் போர்ட் பிளேரில் கொல்லப்பட்ட மேயோ பிரபு, ரிச்சர்ட் பர்க், இவருடைய அண்ணன். நூலகப் பெயருக்குப் பின்னால் இருந்த இந்தப் பர்க் என்ற குலப்பெயரைத் தேடிப்போனபோது எனக்குக் கிடைத்தவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

அயர்லாந்தின் பழைய குலப்பெயர்கள் பெரும்பாலும் 'ஓ' என்றோ 'மக்' என்றோ தொடங்கும். முன்னது பேரனை அல்லது வழித்தோன்றலைக் குறிக்கும். பின்னது மகனைக் குறிக்கும். பர்க் என்பதில் இரண்டும் இல்லை, ஏனென்றால் அது மூதாதையின் பெயரே அன்று. இங்கிலாந்தின் நார்போக் பகுதியில் பர்க் என்றோர் ஊர் உண்டு. அரண் சூழ்ந்த இடம் என்பது அச்சொல்லின் பொருள். அவ்வூர்க்காரர் என்பதை நார்மன் பிரபுக்கள் தம் பிரெஞ்சு வழக்கில் 'டி பர்க்' என்று சொன்னார்கள். வில்லியம் டி பர்க் என்பவர் 1185ஆம் ஆண்டளவில், ஆங்கிலேயர் அயர்லாந்தில் நிலம் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், அங்கே போய்ச் சேர்ந்தார். இன்று அயர்லாந்திலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்தப் பெயரைத் தாங்குவோரின் கதை பெரும்பாலும் அவரிடமிருந்தே தொடங்குகிறது. அவருடைய மகன் ரிச்சர்டுக்கு 1227இல் மேற்கு அயர்லாந்தின் கொனாக்ட் மண்டலத்தில் பெரும்பகுதி அரச மானியமாக எழுதிக் கொடுக்கப்பட்டது. ஆனால் ஏட்டில் கிடைத்த நிலத்தைக் களத்தில் கைப்பற்ற அவர் 1235இல் படையெடுத்துப் போகவேண்டியிருந்தது. அவருடைய பேரன், சிவப்பு ஏர்ல் என்று அழைக்கப்பட்ட இன்னொரு ரிச்சர்டு, 1326இல் இறக்கும்போது அயர்லாந்திலேயே மிகுந்த வலிமை கொண்ட பிரபுவாக இருந்தார். ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் மணந்தது அவர் மகள் எலிசபெத்தைத்தான்.

இந்தக் குடும்பம் உண்மையில் ஐரிஷ் குடும்பமாக மாறியது ஒரு கொலைக்குப் பிறகே. சிவப்பு ஏர்லின் பேரனான வில்லியம், தன் உறவினர் வால்டரைச் சிறைப்பிடித்துக் கோட்டைக்குள் பட்டினி போட்டுச் சாகவிட்டார். அதற்குப் பழியாக 1333 ஜூன் 6 அன்று, கேரிக்பெர்கஸுக்கு அருகே, இருபது வயதே ஆன வில்லியத்தை அவருடைய ஆள்களே கொன்றார்கள். அவருக்கு ஆண் வாரிசு இல்லை. எலிசபெத் என்ற கைக்குழந்தை மட்டும் இருந்தது. தாய் அந்தக் குழந்தையை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். ஆங்கிலச் சட்டப்படி நிலம் அனைத்தும் அந்தப் பெண்ணுக்கும், அவளை மணப்பவனுக்கும் உரியது. அயர்லாந்தில் இருந்த பர்க் ஆண்கள் அதை ஏற்கவில்லை. ஐரிஷ் மரபுச் சட்டத்தில் குலத்தலைமையும் நிலமும் ஆண்வழி உறவினரிடையேதான் தங்கும் என்பதால், அந்தச் சட்டத்தின் பக்கம் சாய்வதே அவர்களுக்கு உகந்ததாக இருந்தது. பல ஆண்டுகள் தங்களுக்குள்ளேயே போரிட்டபின், பட்டினியில் மாண்ட வால்டரின் தம்பி எட்மண்ட், கொனாக்டில் உள்ள மேயோ என்ற பகுதியைப் பிடித்துக்கொண்டார். அவர்களுடைய உறவினர் உல்லிக் கால்வே பகுதியில் ஆட்சி செய்தார். லிமரிக், டிப்பரரி பக்கத்தில் மூன்றாவது கிளை நிலைபெற்றது. மேயோத் தலைவர் 'கீழ்ப்பகுதி மக் வில்லியம்' என்றும், கால்வேத் தலைவர் 'மேற்பகுதி மக் வில்லியம்' என்றும் பட்டம் சூடிக்கொண்டனர். ஊர்ப்பெயரோடு வந்த குடும்பம் ஐரிஷ் முறைப்படி 'வில்லியத்தின் மகன்' ஆகிவிட்டது. பேச்சும் உடையும் வழக்குத் தீர்க்கும் முறையும் அந்நாட்டினுடையவையாகவே மாற, டி பர்க் என்பது ஐரிஷ் நாவில் 'டி பூர்க்கா' ஆயிற்று.

கைக்குழந்தையாகக் கடல் கடந்த எலிசபெத்தை மணந்தவர் மன்னர் மூன்றாம் எட்வர்டின் மகன் லயனல். மனைவியின் நிலத்தை மீட்கும் நோக்கமும் கொண்டு அயர்லாந்துக்கு வந்த அவரால் பர்க்குகளை அசைக்க முடியவில்லை. அங்கே குடியேறிய ஆங்கிலேயர் ஐரிஷ் மொழி பேசக் கூடாது, ஐரிஷாருடன் மணவுறவு கொள்ளக் கூடாது, ஐரிஷ் சட்டத்தைப் பின்பற்றக் கூடாது என்று விதித்த 1366ஆம் ஆண்டின் கில்கென்னிச் சட்டங்கள் அவர் தலைமையில் கூடிய மன்றத்தில்தான் நிறைவேறின. அச்சட்டங்கள் எதைக் கண்டு அஞ்சினவோ அதன் முழு உருவமாக அவருடைய மனைவியின் சொந்தக் குலமே மேற்கில் நின்றது. இந்தப் பெயரின் வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்த இடம் இதுவே.

ஐரிஷ் வழக்கம் இந்தக் குடும்பத்துக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதற்கு அதன் கிளைப்பெயர்களே சான்று. மேயோவில் ஜெனிங்ஸ் என்ற பெயருடையோர் பலர் மரபால் பர்க்குகளே. 'சின்ன ஜானின் மகன்' என்று பொருள்படும் மக் ஷோனீன் என்ற ஐரிஷ் பெயர்தான் ஆங்கிலத்தில் ஜெனிங்ஸ் ஆனது. கிப்பன்ஸ், பில்பின், மக் ஹியூகோ போன்றவையும் இவ்வாறு ஏதோ ஒரு பர்க்கின் மகன் என்று தொடங்கித் தனிக் குலப்பெயர்களானவை. ஆகவே பர்க் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு இந்தக் குடும்பத்தைத் தேடுவோர் அதன் பெரும்பகுதியைத் தவறவிடுவார்கள்.

பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கில அரசு மீண்டும் இறுக்கியது. 1543இல் கால்வேத் தலைவர் தம் ஐரிஷ் பட்டத்தைத் துறந்து, எட்டாம் ஹென்றியிடமிருந்து கிளான்ரிக்கார்ட் ஏர்ல் என்ற பட்டத்தைப் பெற்றார். மேயோக் கிளை அவ்வளவு எளிதில் பணியவில்லை. கடல்வீராங்கனை கிரேஸ் ஓமாலியின் இரண்டாம் கணவர் 'இரும்பு' ரிச்சர்டு பர்க் அக்கிளையைச் சேர்ந்தவர். அவர்களுடைய மகன் டிப்பட், 1627இல் முதல் மேயோ வைகவுண்ட் ஆனார். ஆங்கில எழுத்தில் பெயரை எழுதும் முறையும் கிளைக்குக் கிளை பிரிந்தது: கால்வேயில் சுருக்கமாக Burke என்றும், மேயோவிலும் லிமரிக்கிலும் நடுவே ஓர் எழுத்து கூட்டி Bourke என்றும் எழுதுவது பெருவழக்கு. ஒலிப்பு ஒன்றுதான். கன்னிமாரா பிரபு கூட்டி எழுதிய மேயோ மரபினர். அயர்லாந்தின் முதல் பெண் குடியரசுத் தலைவரான மேரி ராபின்சனும் மேயோவின் பாலினாவில் அதே எழுத்துமுறை கொண்ட வீட்டில் பிறந்தவர். ஆஸ்திரேலியாவைத் தெற்கு வடக்காகக் கடக்கும் பயணத்தை நடத்தி 1861இல் திரும்பும் வழியில் மாண்ட ராபர்ட் ஓஹாரா பர்க், கால்வே மாவட்டத்தவர், சுருக்கமாக எழுதியவர்.

டப்ளினில் பிறந்த அரசியல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க்கும் சுருக்கமாகவே எழுதினார். 1785 பிப்ரவரி 28 அன்று ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்றிய நீண்ட உரையில், அக்காலத்தில் கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டு நவாபின் பகுதியிலும் தஞ்சாவூரிலும் உள்ள ஏரிகள் பற்றி ஒரு பகுதி வருகிறது. பெரிதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாத ஏரிகள் அங்கே உண்டென்றும், அவற்றை வெட்டியவர்கள் தம் குடிகளுக்குத் தந்தையராக இருந்த உண்மையான அரசர்கள் என்றும் அவர் சொல்கிறார். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்திராத ஒருவர், நம் ஏரிகள் தூர்ந்துபோவதைக் கடன் கொடுத்துக் கொழுத்தவர்களின் குற்றமாக அந்த மன்றத்தில் எடுத்துவைத்தார். அந்த உரையை நான் முதன்முதலில் வாசித்தது கன்னிமாரா நூலகத்தின் மேசையில் அமர்ந்துதான். அந்த இரண்டு பெயர்களும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்பது அன்று எனக்குத் தெரியாது.