மேட்டூர் நீர்மட்டத்தை டெல்டாவின் நாட்காட்டியில் வரைதல்

ஜூன் நெருங்கிவிட்டால், மன்னார்குடிப் பக்கத்தில் இருவர் சந்தித்ததும் எழும் முதல் கேள்வி, ‘மேட்டூரில் இன்று எத்தனை அடி?’ என்பதாகவே இருக்கும். நாளிதழில் வரும் அந்த எண்ணையும் நீர் இருப்பையும் பல ஆண்டுகளாக அட்டவணையில் குறித்து, ஆர் நிரல்மொழியின் வரைபடத் தொகுப்பான ஜிஜிபிளாட்2 கொண்டு வரைபடமாக்கி, விவசாய நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்து வருகிறேன். இரண்டு வரி நிரலிலேயே கோடு வந்துவிடும். ஆனால் அந்தக் கோடு ஜனவரியில் தொடங்குகிறது; காவிரி டெல்டாவின் ஆண்டு அப்படித் தொடங்குவதில்லை.

அணை பாசனத்துக்குத் திறக்கப்படும் மரபான நாள் ஜூன் 12, மூடப்படும் நாள் ஜனவரி 28. ஜனவரியில் தொடங்கும் அச்சில் ஒரே பாசனப் பருவம் இரண்டாக வெட்டுப்பட்டு, சம்பா, தாளடிக்கான கடைசி நீர் படத்தின் இடது ஓரத்திலும், குறுவைக்கான முதல் நீர் நடுவிலும் போய் நிற்கும். ஆகவே, உண்மையான பாசன ஆண்டைத் தனிப் பத்தியில் வைத்துக்கொண்டு, தேதிகளுக்கு ஒரு பொய் ஆண்டைக் கொடுத்துவிடுகிறேன்: மே முதல் டிசம்பர் வரையிலான நாள்களுக்கு 2019, ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலானவற்றுக்கு 2020. பின்னது லீப் ஆண்டு என்பதால் பிப்ரவரி 29-க்கும் இடம் கிடைக்கிறது. எல்லா ஆண்டுகளின் கோடுகளும் இப்போது ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அச்சை ஜூனில் தொடங்காமல் மே மாதத்தில் தொடங்குவதற்குக் காரணம், 2022-இல் அணை மே 24 அன்றே திறக்கப்பட்டதுதான். ஜூனில் தொடங்கினால் அந்தத் திறப்பு முந்தைய ஆண்டின் வாலில் ஒட்டிக்கொள்ளும். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜூன் 12-க்கு ஒரு புள்ளிக்கோடு போட்டுவிட்டால், எந்த ஆண்டு முந்தியது, எது பிந்தியது என்பது உடனே புலப்படும். ஆகஸ்ட் 3-இல் ஆடிப்பெருக்குக்கும் ஒரு கோடு உண்டு. சில ஆண்டுகளில் அது ஒரு நாள் முன்னால் வருமென்றாலும், இந்த அகலத்தில் அது தெரியப்போவதில்லை.

அடிக்கணக்கு பழகிப்போனது, ஆனால் ஏமாற்றும். முழு உயரமான 120 அடியில் 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) நீர் நிற்கும் அணையில், 100 அடியில் இருப்பது ஏறத்தாழ 65 டி.எம்.சி.தான், மேலிருக்கும் 20 அடி மட்டுமே 28 டி.எம்.சி.யைப் பிடித்துவைக்கிறது. கடைமடைக்காரருக்கு வேண்டியது நீரின் அளவு என்பதால், செங்குத்து அச்சில் டி.எம்.சி.யைத்தான் வைக்கிறேன். வலப்புறம் இரண்டாவது அச்சு வேண்டுமென்றால், அது முதல் அச்சிலிருந்து பெறப்பட்டதாக இருக்க வேண்டும் என்று ஜிஜிபிளாட்2 கட்டாயப்படுத்துகிறது. இதை உருவாக்கிய ஹாட்லி விக்காம், ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரண்டு அச்சுகளை ஏற்காதவர். எனக்கும் அதில் உடன்பாடே. முதல் அச்சையே வலப்புறம் நகலெடுத்து, 93.47 என்ற இடத்தில் ‘120 அடி’ என்றும் 65-இல் ‘100 அடி’ என்றும் பெயர் எழுதிவிட்டால், விதியும் மீறப்படுவதில்லை, ஊர்க்கணக்கும் கிடைத்துவிடுகிறது. அச்சின் எல்லையை ஸ்கேல் கட்டளையில் விதிக்காமல், காட்டும் பரப்பை மட்டும் மாற்றும் கோஆர்ட்_கார்டீசியன் வழியாக விதிப்பது நல்லது; முன்னதில் எல்லை தாண்டிய எண்களை ஆர் ஓர் எச்சரிக்கையோடு நீக்கிவிடும் என்பதால், வெள்ளக் காலத்தில் கோடு அறுந்துபோகும்.

நிறத்தில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை: பழைய ஆண்டுகள் வெளிர் சாம்பல், நடப்பு ஆண்டு கருநீலம், பின்னணி வெள்ளை.

தமிழ் எழுத்துகள்தாம் உண்மையான தொல்லை. வழக்கமான பிடிஎஃப் வெளியீட்டில் அவை வரவே வராது. எழுத்துருவை மாற்றினால் மட்டும் போதாது. ‘கொள்ளளவு’ என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பும் காலும் ககரத்தின் இருபுறமும் சரியாக அமர வேண்டும். படமாகச் சேமிக்க ரேக் பேக்கேஜில் உள்ள ஏஜிஜி_பிஎன்ஜியும், பிடிஎஃப் வேண்டுமானால் கெய்ரோ_பிடிஎஃப்பும் இதைச் சரியாகச் செய்கின்றன. படத்தைச் சேமிக்கும் ஜிஜிசேவ் கட்டளையில் அவற்றின் பெயரைக் குறிப்பிட்டால் போதும். பார்ப்பவர் அனைவரும் கைபேசியில் பார்ப்பவர்கள் என்பதால், அகலம் 6 அங்குலம், உயரம் 8 அங்குலம், அடிப்படை எழுத்தளவு 16 என்று வைத்திருக்கிறேன்.